தயாரிப்பு நின்றுபோன டெஸ்லா ரோட்ஸ்டரை இன்று யார் பழுது பார்க்கிறார்கள்?

கேள்வி: டெஸ்லா கம்பெனியின் முதல் மின்சாரக் காரான ரோட்ஸ்டரின் தயாரிப்பு 2012-லேயே நின்றுவிட்டது. இன்னும் சிலர் அதை ஓட்டுகிறார்களே, பழுதானால் யாரிடம் போவார்கள்?

ஓட்டுகிறவர்களில் நானும் ஒருவன். கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருக்கிறேன். 2010 மாடல் வண்டி ஒன்றை 2017-ல் வாங்கினேன். எனக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். பெயர் போடுவதில் அவருக்கு இஷ்டமில்லை, அதனால் போடவில்லை. ஆனால் அவர் வேலையைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 2008-லிருந்து 2012 வரை மொத்தமே சுமார் 2,450 வண்டிகள்தான் செய்தார்கள். அடிச்சட்டம் இங்கிலாந்தில் லோட்டஸ் என்ற ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியின் தொழிற்சாலையில் செய்தது, மேலே கார்பன் ஃபைபர் உடம்பு, மோட்டாரும் பேட்டரியும் டெஸ்லாவுடையது. இதனால் ஒரு சிக்கல். லோட்டஸ் வண்டியில் பழகிய மெக்கானிக் பேட்டரிப் பெட்டியைத் தொடப் பயப்படுவார். இன்றைய மின்சார வண்டிகளில் பழகியவருக்கோ இந்த வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் புதிதாக இருக்கும். ஏனென்றால் பின்னால் வந்த டெஸ்லா கார்களுக்கும் இதற்கும் பொதுவான பாகம் அநேகமாக எதுவுமில்லை. இரண்டும் தெரிந்த கைகள் அமெரிக்கா முழுக்கத் தேடினாலும் கொஞ்சம்தான். அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் ரோட்ஸ்டர்களைப் பழுது பார்க்கும் குரூபர் மோட்டார் கம்பெனி என்று ஒன்று இருக்கிறது. வெளி மாநிலங்களிலிருந்து லாரியில் ஏற்றி அங்கே அனுப்புகிறவர்கள் உண்டு.

எனக்குச் சோதனை 2021 கடைசியில் வந்தது. முழு சார்ஜில் 170 மைல் காட்டிக்கொண்டிருந்த வண்டி 120-க்கு இறங்கியது. இரண்டே வாரத்தில் 90. முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டார்கள். மொத்த பேட்டரியையும் மாற்றவேண்டும், இல்லையென்றால் பாகம் பாகமாக விற்றுவிடுங்கள் என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

இன்னொரு ரோட்ஸ்டர்காரர் சொல்லித்தான் இந்த மெக்கானிக்கிடம் போனேன். எடுத்ததும் விலை பேசவில்லை. "ஒரு வாரம் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள். பேட்டரியே போய்விட்டதா, உள்ளே ஏதோ ஒன்று மட்டும் போயிருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்றார்.

அவர் சொன்னது புரியவேண்டுமென்றால் பேட்டரியின் அமைப்பு தெரியவேண்டும். இருக்கைகளுக்குப் பின்னால் ஏறக்குறைய 450 கிலோ எடையுள்ள பெட்டி. அதற்குள் பழைய லேப்டாப்புகளில் இருந்த மாதிரி, விரல் நீளச் செல்கள் 6,831. அவற்றில் 69 செல்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தது ஒரு பிரிக். 9 பிரிக் சேர்ந்தால் ஒரு ஷீட். 11 ஷீட் சேர்ந்தது பேட்டரி. ஆக மொத்தம் 99 பிரிக்குகள், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. கிணற்றுக் கயிறு ஒரே ஒரு இடத்தில் நைந்திருந்தால் மீதியெல்லாம் புதிதாக இருந்தும் பிரயோஜனமில்லை அல்லவா? அதே கதைதான். எந்த பிரிக் இளைத்ததோ அதன் அளவுதான் மொத்த வண்டியின் அளவு.

அவர் முதல் இரண்டு நாள் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைத்து, காலையிலும் மாலையிலும் 99 பிரிக்குகளின் வோல்டேஜையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். 98 அசையாமல் நின்றன. ஒன்று மட்டும் துளித்துளியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டியைக் கீழே இறக்கினார்.

திறப்பதற்கு முன் கல்யாண மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டதைப் பார்த்தேன். பிறகு ரப்பர் கையுறை, அதன்மேல் தோல் கையுறை. பெட்ரோல் இன்ஜினை அணைத்துவிட்டால் கை வைக்கலாம். பேட்டரிக்குள் அணைப்பது என்ற பேச்சே இல்லை. இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே மின்சாரம் காத்துக்கொண்டுதான் இருக்கும். முழுப் பெட்டியில் சுமார் 375 வோல்ட் நேர்மின்சாரம் (DC). 30 வருட அனுபவக்காரர், ஒவ்வொரு முறையும் முதல்நாள் வேலைக்கு வந்தவரைப் போலத்தான் தொடுகிறார்.

ஒவ்வொரு செல்லும் மயிரிழை மாதிரி ஒரு ஃபியூஸ் கம்பியால் இணைந்திருக்கிறது. கெட்டுப்போன செல் சத்தமில்லாமல் பக்கத்திலிருக்கும் 68 செல்களின் சார்ஜையும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அப்படி உறிஞ்சினால் அதன் கம்பியில் மட்டும் மிகச் சிறிய வோல்டேஜ் வித்தியாசம் தெரியும். ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே. மீட்டர் முனையைக் கொஞ்சம் அழுத்தினாலும் கம்பி அறுந்துவிடும், அழுத்தாவிட்டால் அளவு சரியாக வராது. 69 கம்பிகளையும் அப்படித் தொட்டுத் தொட்டு, சந்தேகம் தீர மூன்று முறை அளந்தார். குற்றவாளி கிடைத்ததும் அந்த ஒரு கம்பியை மட்டும் வெட்டினார். முடிந்தது.

6,831-ல் ஒரு செல். அதை விலக்கியதால் அந்த பிரிக்கில் 69-ல் ஒரு பங்குதான் குறைந்தது. புதிதில் 244 மைல் ஓடிய வண்டிக்கு அந்தக் கணக்கில் மூன்றரை மைல் நஷ்டம். குப்பைக்குப் போகவிருந்த பேட்டரி இன்றும் ஓடுகிறது. பில்லில் அவர் போட்டது வேலை பார்த்த மணிக்கணக்கு மட்டும். பெட்டியை ஏற்றும்போது தளர்ந்திருந்த இரண்டு கூலன்ட் ஹோஸ் கிளாம்புகளைக் கேட்காமலே மாற்றியிருந்தார். முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு, தளர்ந்தால் பார்த்ததும் தெரிய. தொழில் சுத்தம் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

இவருக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன். 2009-ல் பின்சக்கரப் பகுதியில் ஒரு போல்ட் சரியாக முறுக்கப்படவில்லை என்று 345 ரோட்ஸ்டர்களைத் திரும்ப அழைத்தார்கள். அப்போது வாடிக்கையாளர் வீடுகளுக்கே போய் முறுக்கிக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். இந்த வண்டியில் அவர் கை வைத்த முதல் வேலையே அதுதானாம்.

2023 நவம்பரில் டெஸ்லா ரோட்ஸ்டரின் சர்வீஸ் கையேடுகளையும் வரைபடங்களையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் அதற்கு முன்பே பத்து வருடம் இவரைப் போன்ற மெக்கானிக்குகள் பழுதான எலக்ட்ரானிக் போர்டுகளைப் பிரித்து, தடம் பார்த்து, தாங்களே வரைபடம் போட்டுத்தான் வண்டிகளைக் காப்பாற்றினார்கள். இவர் நோட்டில் சில பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். பென்சில் படங்கள், ஓரத்தில் தேதிகள்.

வருடத்துக்கு ஒருமுறை மோட்டாருக்கான பவர் எலக்ட்ரானிக்ஸ் பெட்டியையும் அதன் ஃபேன்களையும் சுத்தம் செய்யவேண்டும். காற்றால் குளிரும் அமைப்பு என்பதால் தூசியும் சருகும் அடைத்தால் சூடேறிவிடும். இந்த வருடம் அதற்குப் போனபோது பட்டறையில் இருபது வயதுக்குள் ஒரு பெண், உதவியாளர். வேறொருவரின் பேட்டரி ஷீட் மேஜைமேல் திறந்திருந்தது. மீட்டரை அவள் கையில் கொடுத்துவிட்டு, இவர் இரண்டடி பின்னால் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மோதிரங்கள் டப்பாவில் இருந்தன.