நாய்க்கடி: புகார், இழப்பீடு, காப்பீடு – கேள்வி பதில்

நாய்க்கடிக்குப் பிறகு வரும் சட்டச் சிக்கல்கள், பணச் சிக்கல்கள் குறித்துக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை.

கேள்வி (தாம்பரம்): ஐயா, மூன்று நாளுக்கு முன்னால் பக்கத்து வீட்டு நாய் என் 7 வயது மகளைக் கன்னத்தில் கடித்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் தையல் போட்டார்கள். ஊசிச் செலவை மட்டும் தருகிறேன் என்கிறார் நாய்க்காரர். ஸ்டேஷனில் "அக்கம்பக்கம்தானே, பேசித் தீர்த்துக்கோங்க" என்கிறார்கள்.

பதில்: வழக்கு இருக்கட்டும், முதலில் மருத்துவமனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தோல் கிழிந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். முகத்தில் தையல் போட்டே ஆக வேண்டும் என்றால்கூட அதைச் செலுத்திய பிறகுதான் போடுவார்கள். சீட்டில் அது எழுதப்படவில்லை என்றால் இன்றே அரசு பொது மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டுபோங்கள். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து 7 நாளுக்குள்தான் அதைப் போட முடியும்.

போகும்போது கையோடு விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். பதிவில், விவரத்தை ஏற்றச் சொல்லுங்கள். வெறுமனே "நாய் கடிச்சிடுச்சு" என்று சொன்னால் தெருநாய் என்றே எழுதிவிட வாய்ப்பு உண்டு. பிறகு உரிமையாளரின் வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது அந்த ஒற்றை வார்த்தையைத்தான். "பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய், இன்ன கதவு எண், மாலை இத்தனை மணி" என்று சொல்லி எழுதவைத்து, படித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

அடுத்து காவல் நிலையம். பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி, வளர்க்கும் பிராணியால் ஆபத்து வராமல் காக்கத் தவறுவது குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பிடியாணை இல்லாமல் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். அதனால் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. முகத்தில் நிரந்தரத் தழும்பு விழுந்தால் அது கொடுங்காயம். அப்போது 125(பி) பிரிவும் சேரும், 3 வருடம் வரை தண்டனை உண்டு. எனவே காயச் சான்றிதழில் சாதாரணக் காயம் என்று எழுதுகிறார்களா, கொடுங்காயம் என்று எழுதுகிறார்களா என்று பாருங்கள். தழும்பு நிற்குமா என்று டாக்டரிடமே எழுத்தில் கருத்துக் கேளுங்கள்.

புகாரில் கோபத்தைக் கொட்டாமல் தவறைக் காட்டுங்கள்: கேட் திறந்து கிடந்தது, சங்கிலி இல்லை, வாய்க்கவசம் இல்லை, இதற்கு முன் இன்னாரைத் துரத்தியது அவருக்கே தெரியும். கடைசி வரி மிக முக்கியம். இந்த நாய் கடிக்கும் என்று உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று நிரூபித்தால் சிவில் வழக்கில் பாதி வேலை முடிந்த மாதிரி. உரிமம் எடுத்திருக்கிறாரா, நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போட்ட சான்று இருக்கிறதா என்று விசாரிக்கவும் புகாரிலேயே கேளுங்கள்.

புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, வாங்காமல் திரும்ப வேண்டாம். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்கோ, ஆணையரகம் என்றால் துணை ஆணையருக்கோ தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 175(3)இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

தெருவில் கேமரா இருந்தால் இந்த வாரமே அந்த வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். காயத்தின் அருகில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். இப்போது ஒன்று, தையல் பிரித்ததும் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று. கிழிந்த சட்டையைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): கடைசியில் சமரசம்தான் என்று ஆனால் எவ்வளவு கேட்பது?

பதில்: சமரசம் தப்பில்லை, அவசரச் சமரசம்தான் தப்பு. ஊசி அட்டவணை முடிந்து, தழும்பு எப்படி நிற்கிறது என்று தெரியும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு, ஆட்டோச் செலவு, நீங்களும் வீட்டம்மாவும் லீவு போட்ட நாட்களின் சம்பளம் ஆகியவற்றை முதலில் கூட்டுங்கள். பிறகு வலி, மன பயம், முகத் தழும்புக்கு ஒரு தொகை. எதிர்காலத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி தேவைப்பட்டால் டாக்டரின் மதிப்பீட்டுக் கடிதம். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிக் கடிதத்தைத்தான், பெரிய தொகையும் அதில்தான் இருக்கிறது.

வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவதைவிட, தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகப் போட்டு மக்கள் நீதிமன்றத்தில் முடிப்பது நல்லது. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அங்கே வரும் தீர்வு சிவில் தீர்ப்பாணைக்குச் சமம், பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும். உதவி எண் 15100.

ஒன்றை நினைவில் வையுங்கள். 291 சமரசமாகக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு நீங்கள் இருவரும் பேசி முடித்தாலும் வழக்கு தானாகச் சாகாது. ரத்து செய்ய நாய்க்காரர்தான் உயர் நீதிமன்றம் போக வேண்டும். "கேஸை வாபஸ் வாங்கினால்தான் பணம்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): கடித்தது தடுப்பூசி போட்ட நாய்தானாம். நான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா? செலவு யாருடையது?

பதில்: போட்டே ஆக வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாட்களில் இலவசம். தனியாரில் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. நாயை 10 நாள் கண்காணியுங்கள், ஆனால் அதுவரை ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

தனியாரில் செலவு செய்துவிட்டு உரிமையாளரிடம் கேட்டால் "அரசாங்கத்தில் இலவசம்தானே, ஏன் அங்கே போனீர்கள்?" என்பார்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஓ.பி. சீட்டிலேயே "இருப்பு இல்லை" என்று எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரி உங்கள் பில் முழுவதையும் காப்பாற்றும்.

கேள்வி (மதுரை): வக்கீல் சார், அம்மாவைத் தெருநாய்க் கூட்டம் கடித்துக் கீழே தள்ளிவிட்டது. காலில் சதை பிய்ந்துவிட்டது. உரிமையாளரே இல்லாத நாய்க்கு யாரைக் கேட்பது?

பதில்: மாநகராட்சியை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய வேண்டிய பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கு. ஆனால் "நாய் இருந்தது, கடித்தது" என்று மட்டும் சொன்னால் நிற்காது. அந்தத் தெருவில் தொல்லை இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தும் சும்மா இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். அதற்குக் கருவி தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். இப்படிக் கேளுங்கள்: உங்கள் வார்டில் கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த நாய்ப் புகார்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எடுத்த நடவடிக்கை என்ன, அந்த வார்டில் எந்தத் தேதியில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை செய்தார்கள், அதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு. 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். தெருக்காரர்கள் முன்பே கொடுத்த புகார் எண்களையும் சேகரியுங்கள்.

இதற்கிடையில் ஆணையருக்கு இழப்பீடு கேட்டு ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் மனு அனுப்புங்கள். நகல் கலெக்டருக்கு. திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் கொடுத்து மனு எண் வாங்குங்கள். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, அரசியல் சட்டப் பிரிவு 226இன் கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். ரிட்டில் சாட்சி விசாரணை வழக்கமாக நடப்பதில்லை. ஆவணம் தெளிவாக இருந்தால் ஓடும், "அங்கே நாயே இல்லை" என்று மறுக்க இடம் வைத்தால் சிவில் கோர்ட்டுக்குப் போ என்பார்கள்.

தொகைக்கு ஒரு அளவுகோல் உண்டு. 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம், ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்த காயத்தில் 0.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்று சொன்னது. அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது, முன்னுதாரணமாகக் காட்டலாம். அதனால்தான் பல் தடங்களின் எண்ணிக்கையும் காயத்தின் நீள அகலமும் காயச் சான்றிதழில் இருக்க வேண்டும் என்பது. "நாய்க்கடிக் காயம், கால்" என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தால் கட்டுப் பிரிக்கும்போதே டாக்டரிடம் அளவைக் குறிக்கச் சொல்லுங்கள். ஆறிய பிறகு அளக்க முடியாது.

கேள்வி (கோவை): பைக்கில் போகும்போது நாய் குறுக்கே பாய்ந்து விழுந்துவிட்டேன். கடிக்கவில்லை, முழங்கால் உடைந்தது.

பதில்: இன்னொரு வண்டி சம்பந்தப்படாததால் மூன்றாம் நபர் காப்பீட்டில் உங்களுக்கு எதுவும் வராது. பாலிசியில் உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். 15 லட்சம் வரை உண்டு, ஆனால் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே. லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும், வண்டி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். எலும்பு கூடிவிட்டால் அதில் பணம் வராது. சிகிச்சைச் செலவுக்கு மருத்துவக் காப்பீடு, வண்டிச் சேதத்துக்கு முழுக் காப்பீடு. விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் இருப்பவர்கள், போகும் இடம் அரசின் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் இருக்கும் மருத்துவமனையா என்று முதலில் விசாரியுங்கள், அங்கே ஆரம்ப சிகிச்சை இலவசம். குறுக்கே வந்தது வளர்ப்பு நாய் என்றால் மேலே சொன்ன 291 இங்கேயும் பொருந்தும். கடித்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

கேள்வி (திருப்பூர்): அண்ணா, சாப்பாடு டெலிவரி கொடுக்கப் போன இடத்தில் கடித்துவிட்டது. கேட்டில் "நாய் ஜாக்கிரதை" போர்டு இருந்தது. அதனால் என் தப்பு என்கிறார்கள்.

பதில்: தம்பி, போர்டு அவரைக் காப்பாற்றாது. ஆர்டர் போட்டு வரவழைத்தவரே நாயைக் கட்டாமல் விட்டிருக்கிறார். நாய் ஆபத்தானது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு அந்தப் போர்டே சாட்சி, அதைப் படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் வேலை சம்பளப் பட்டியலில் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டென்றால் இது வேலைக்காயம். முதலாளி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். செயலியில் பார்ட்னராக ஓடுபவர் என்றால் நிறுவனத்தின் குழு விபத்துக் காப்பீட்டைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் கேட்பது, கடிபட்ட நேரத்தில் ஆர்டர் கையில் இருந்ததா என்பது. ஆர்டர் எண், நேரம், வாடிக்கையாளர் இடம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டை அன்றே எடுத்து, செயலியிலேயே புகார் பதிந்துவிடுங்கள். போனில் மட்டும் சொன்னால் தடயம் இருக்காது.

கேள்வி (சேலம்): மருத்துவக் காப்பீட்டில் ஊசிச் செலவை நிராகரித்துவிட்டார்கள். "தடுப்பூசிக்குக் கிடையாது" என்கிறார்கள்.

பதில்: நிராகரித்த கடிதத்தில் எந்த விதி எண் என்று பாருங்கள். பல பாலிசிகளில் தடுப்பூசி விலக்குக்குப் பக்கத்திலேயே "விலங்குக்கடிக்குப் பிந்தைய ஊசி தவிர" என்று இருக்கும். இருந்தால் அந்த வரியை அடிக்கோடிட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரியான சென்னை காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் நீங்கள் படுக்கையில் சேராமல் வெளிநோயாளியாகப் போட்டிருந்து, பாலிசியில் வெளிநோயாளிப் பலனே இல்லையென்றால் வெல்வது கடினம்.

கேள்வி (திருவள்ளூர்): எங்கள் அப்பா ரேபிஸ் வந்து இறந்துவிட்டார். கடித்தது தெருநாய். ஏதாவது உதவி கிடைக்குமா?

பதில்: உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். முதலில் அப்பாவின் வங்கிப் பாஸ்புக்கைப் பாருங்கள். வருடம் 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு. 70 வயதுக்குள் என்றால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 30 நாளுக்குள் வங்கிக் கிளையில் காப்பீட்டுத் தொகை கோரும் படிவம் கொடுங்கள். மரணச் சான்றிதழோடு, கடித்தபோது மருத்துவமனையில் காட்டிய சீட்டும் இறந்த மருத்துவமனையின் சுருக்கமும் சேர்த்தே கொடுக்க வேண்டும். நோயால் மரணம் என்று தள்ளிவிடாமல் இருக்க, நோய் வந்தது கடியால்தான் என்று இந்த இரண்டு தாளும் இணைத்துக் காட்ட வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் உறுப்பினரா என்றும் பாருங்கள். முதல்வர் நிவாரண நிதிக்குக் கலெக்டர் வழியாக மனு கொடுக்கலாம். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி எதுவானாலும் அதன் மீதான கோரிக்கை தனி, மதுரைக்காரருக்குச் சொன்ன வழிதான்.

கேள்வி (சென்னை): அடுக்குமாடியில் ஒரு அக்கா தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறார். அதில் ஒன்று கடித்தது. அவர்மேல் வழக்குப் போடலாமா?

பதில்: சோறு வைத்ததாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். 291ஆம் பிரிவு பேசுவது ஒருவரின் வசத்தில் இருக்கும் பிராணியைப் பற்றி. அந்த நாய் இரவில் அவர் வீட்டு வாசலுக்குள் படுக்கிறது, அவர் பெயரில் உரிமம் இருக்கிறது என்றால் கதை வேறு. ஒதுக்கிய இடத்தில்தான் உணவு வைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாடிப்படியில் வைத்தால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுத்து புகார் எண் வாங்குங்கள், சங்கத்துக்கும் எழுதுங்கள்.

கேள்வி (கடலூர்): கடிக்க வந்த நாயைக் கட்டையால் அடித்தேன். உரிமையாளர் மிருகவதை வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறார். எனக்கு வழக்குப் போட எவ்வளவு காலம் இருக்கிறது?

பதில்: பாயும் நாயிடமிருந்து தப்பிக்க அந்த நேரத்தில் அடித்தது குற்றமாகாது. பெரிய தீங்கைத் தடுக்கக் கெட்ட எண்ணமில்லாமல் செய்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா 19ஆம் பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. மறுநாள் தேடிப்போய் அடிப்பதும் விஷம் வைப்பதும் வேறு. அதற்கு 325ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறை.

உரிமையாளர்மீது சிவில் வழக்குக்கு 3 வருடம். கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், கட்ட வசதியில்லாதவர் வறியவர் வழக்காகப் போடலாம். உள்ளாட்சிமீது என்றால் ஒரு வருடம்தான் என்று வைத்துக்கொண்டு நகருங்கள். சட்டக் கடமை சம்பந்தப்பட்ட வழக்கு என்று காலவரம்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவை எதிர்த்தரப்பு எடுக்கும். இறந்தவரின் குடும்பத்துக்கு 2 வருடம். கடிபட்டது குழந்தை என்றால் 18 வயது நிறைந்த பிறகே காலம் ஓடத் தொடங்கும், ஆனால் அத்தனை வருடம் ஓ.பி. சீட்டு தாங்காது. இப்போதே நகல் எடுத்து வையுங்கள்.