இரவில் பூட்டப்படும் அறுவை அரங்கு: கேள்வி பதில்

நீலகிரியின் ஒரு வட்ட அரசு மருத்துவமனையில் இரவு நேரச் சிசேரியன் நின்றுபோனதை எதிர்த்துக் கையெழுத்து திரட்டிவரும் ஊர்மக்கள் கேட்ட கேள்விகளுக்கு, மருத்துவ நிர்வாகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஐயா, பிரசவ வார்டை மூடவில்லை என்கிறார்கள். ஆனால் இரவில் வலியோடு போனால் ஊட்டிக்கு அனுப்புகிறார்கள். எது உண்மை? (தேயிலைத் தோட்டத் தொழிலாளி)

இரண்டும் உண்மைதான். மூடுவதற்கென்று யாரும் ஆணை போடுவதில்லை. மயக்க மருத்துவரை வாரத்தில் சில நாட்கள் வேறிடத்துக்கு மாற்றுப்பணியில் அனுப்பினால் போதும், அரங்கு தானாகப் பூட்டப்படும்; கர்ப்பிணிகள் வேறிடம் தேடிப் போவார்கள்; பிறகு, பிரசவ எண்ணிக்கை குறைந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டிப் பணியிடத்தையே எடுத்துவிடலாம். பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும். எனவே ‘மருத்துவமனையை மூடாதே’ என்று எழுதாமல், ‘மாற்றுப்பணி ஆணையை ரத்து செய்’ என்று எழுதுங்கள். முதல் கோரிக்கைக்கு ‘மூடவில்லை’ என்ற ஒற்றை வரியில் பதில் வந்துவிடும்.

பிரசவங்கள் குறைவு என்பது நியாயமான காரணம்தானே? (பள்ளி ஆசிரியை)

சமவெளிக் கணக்கு மலைக்குப் பொருந்தாது என்பதை அரசின் தர நெறிகளே ஏற்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சமவெளியில் 30,000 மக்கள் என்றால், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20,000. சமுதாய சுகாதார நிலையத்துக்கு 1,20,000 என்பது 80,000 ஆகிறது. மழைக்காலத்தில் மண் சரிந்தோ மரம் விழுந்தோ சாலை அடைபடும் ஊரில் தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பது வீண். ஆனால் ஒன்றை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரே மயக்க மருத்துவர் எல்லா இரவும் விழித்திருக்க முடியாது. இரத்த இருப்பும் இரண்டாவது மயக்க மருத்துவரும் சேர்த்துக் கேட்காத போராட்டம் அரைகுறையானது.

108 இருக்கிறதே? (கடைக்காரர்)

2008 முதல் இருக்கிறது. அது நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் வண்டி, மருத்துவமனைக்கு மாற்று அன்று.

மனுவை யாரிடம் கொடுப்பது? (ஊர்த் தலைவர்)

பல மனுக்கள் தவறான மேசையில்தான் தூங்குகின்றன. வட்ட மருத்துவமனை என்றால் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிராம சபையில் பேசினால் மட்டும் போதாது. தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி நகல் பெறுங்கள்.

அதற்கும் முன்னால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, மாற்றுப்பணி ஆணைகளின் நகல், கடந்த 12 மாதங்களில் மாதவாரியாக மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட கர்ப்பிணிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். நோயாளிகளின் பெயர் வேண்டாம். 30 நாட்களில் பதில் வர வேண்டும்.

நீதிமன்றம் போகலாமா? (கல்லூரி மாணவர்)

போகலாம். நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு அவசர சிகிச்சைக் கடமையிலிருந்து விலக முடியாது என்று, மேற்கு வங்கத்திலிருந்து வந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் மேலே சொன்ன நகல்கள் கைக்கு வந்த பிறகே வழக்கறிஞரைப் பாருங்கள். அவர் முதலில் கேட்கப்போவதும் அவற்றைத்தான்.