செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காடு அழிவதையும் நகரம் பெருகுவதையும் நாமே கண்காணிக்க முடியுமா?

முடியும். கணினியும் இணையமும் இருந்தால் போதும், படங்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கிற மாதிரி "2000இல் ஒரு படம், இப்போது ஒரு படம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடாதா?" என்பதில்தான் வம்பே இருக்கிறது. நான் இந்த வேலையைச் செய்ய ஆரம்பித்த முதல் வருடம் கண்டுபிடித்த காடழிப்பில் பாதிக்கு மேல் பொய். ஒரு மரம்கூட விழவில்லை, நான்தான் விழுந்தேன்.

முதலில் செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அதற்குக் காடு, வீடு என்றெல்லாம் தெரியாது, தரையிலிருந்து எந்த ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும், அவ்வளவுதான். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை ஒளிச்சேர்க்கைக்காக விழுங்கிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பையோ பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் எல்லோரும் சொல்லும் என்டிவிஐ (NDVI), அதாவது பசுமையின் அளவு. அடர்ந்த காடு 0.8 பக்கம் வரும், வெறும் மண் 0.1, 0.2 என்று நிற்கும், நீர் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

இப்போது ஓர் இலையுதிர் காட்டை மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறையும், வேறொரு வருடத்தின் கோடையில் ஒரு முறையும் எடுத்து ஒப்பிடுங்கள். மொத்தக் காடும் காணாமல் போயிருக்கும்! அதே இடம், அதே மரங்கள், இலைதான் இல்லை. இதைவிடக் கேவலமான தவறு ஒன்றையும் நான் செய்திருக்கிறேன். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு மலைக்காட்டின் என்டிவிஐ ஆறேழு வருடமாக எப்படி ஏறி இறங்கியது என்று வரைந்து பார்த்தேன், 2022 ஜனவரி கடைசி வரை நன்றாக இருந்த காடு அதற்குப் பிறகு தடாலென்று சரிந்தது. பூச்சியா, வறட்சியா, தீயா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, 2022 ஜனவரி 25 முதல் அந்தப் படங்களைத் தயாரிக்கும் முறை மாறி, எல்லாப் பிக்சல் மதிப்பிலும் 1000 கூட்டியே தருகிறார்கள், நாம்தான் கழித்துக்கொள்ள வேண்டும் என்று. சிவப்பு 300, அகச்சிவப்பு 3000 என்றால் என்டிவிஐ 0.82. கழிக்காமல் விட்டால் 1300, 4000 ஆகி 0.51. என் காட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அறிவிப்பில் தெளிவாகப் போட்டிருந்தார்கள், நான் படிக்கவில்லை. (இந்தப் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் இதைச் சரிசெய்த தொகுப்பு தனியாகவே இருக்கிறது, அதை எடுங்கள்.)

அதனால் இரண்டு படம் போதாது, ஒரு வரிசை வேண்டும். நல்லவேளையாக அது இருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972இல் போனது, 2008இல் அந்தப் படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இன்று ஓடும் இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒரு முறை ஓர் இடத்தைப் பார்க்கின்றன, ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டர். சென்டினல்-2இல் முக்கியமான நிறங்கள் 10 மீட்டரில் கிடைக்கும், ஆனால் அதன் படங்கள் 2015இலிருந்துதான். ஒரு பிக்சலை வருடக்கணக்கில் வரைந்து பார்த்தால் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவது அலை மாதிரித் தெரியும். அந்த அலை ஒரு நாள் விழுந்து திரும்ப எழவே இல்லை என்றால், அப்போது சந்தேகப்படுங்கள்.

நகரத்துக்கும் இதே தந்திரம்தான் என்னைக் காப்பாற்றியது. அறுவடை முடிந்த வயலும் சிமென்ட் தரையும் ஒரே ஒரு படத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும், எந்த மென்பொருளும் ஏமாறும். ஆனால் வயல் வருடத்தில் ஒரு முறையாவது பச்சையாகிவிடும், கட்டடம் ஆகாது. அதனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்த வருடத்தின் உச்ச என்டிவிஐயை எடுத்துப் பாருங்கள், நகரம் தானாகப் பிரிந்து வரும். தரிசும் பாறையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், அதைக் கண்ணால் பார்த்துத்தான் தள்ள வேண்டும். அப்புறம், "நகரம் இத்தனை டிகிரி சூடு" என்று சுற்றும் சிவப்பு வரைபடங்கள் காட்டுவது தரை, கூரை ஆகியவற்றின் சூட்டை, நாம் நிற்கும் காற்றின் சூட்டை இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

மேகம் ஒரு பெரிய தலைவலி. வெப்பமண்டலக் காடுகளில் மாதக்கணக்கில் நல்ல படமே கிடைக்காது. அங்கே ரேடார் உதவும், தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளப்பதால் மேகத்தையும் இருட்டையும் அது கண்டுகொள்ளாது. சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோளின் அலை சுமார் 5.6 சென்டிமீட்டர், பெரும்பாலும் இலைகளிலும் சிறு கிளைகளிலும் பட்டே திரும்பிவிடும். 2025 ஜூலையில் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய நிசாரில் சுமார் 24 சென்டிமீட்டர் அலையும் இருக்கிறது, அது உள்ளே தண்டு வரை போகும். ரேடார் படம் முதலில் பார்க்கப் பொரி கொட்டிய மாதிரி இருக்கும், மழை பெய்து மண் நனைந்தாலே மதிப்பு மாறும். புதிதாக வருபவர் இதில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

"காடு" என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் ரப்பர் தோட்டமும் பச்சை, இயற்கைக் காடும் பச்சை. ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பு ரப்பர் தோட்டத்தைக் காட்டுக் கணக்கில் சேர்க்கிறது, எண்ணெய்ப்பனையைச் சேர்ப்பதில்லை. உலக வரைபடங்கள் பலவும் காட்டுவது மரப் போர்வையை மட்டும்தான். தோட்டத்தில் வயதான மரங்களை வெட்டி மறுநடவு செய்தாலும் அந்த வரைபடங்களில் இழப்பு என்றுதான் விழும். எதை எண்ணுகிறோம் என்று முதல் வரியில் எழுதாத எந்த அறிக்கையையும் நான் இரண்டாம் வரிக்குமேல் படிப்பதில்லை.

கடைசியாக, நிறம் மாறிய பிக்சல்களை எண்ணி "இத்தனை சதுர கிலோமீட்டர் அழிந்தது" என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். 1000 சதுர கிலோமீட்டர் காடு, உண்மையில் போனது 10. உங்கள் வரைபடம் அந்தப் பத்தையும் சரியாகப் பிடித்துவிட்டு, மாறாத 990இல் வெறும் 2 சதவீதத்தை மட்டும் தவறாக மாறியதாகச் சொல்கிறது என்று வையுங்கள். அதுவே கிட்டத்தட்ட 20. வரைபடம் 30 என்று காட்டும், மும்மடங்கு பொய், துல்லியமோ 98 சதவீதம்! பிரேசில் 1988 முதல் அமேசானுக்கு வருடாவருடம் கணக்கு வைத்திருக்கிறது, அதற்கு முக்கியமாக மேகம் குறைந்த வறண்ட பருவத்துப் படங்களைத்தான் எடுக்கிறார்கள், பயிற்சி பெற்ற ஆட்கள் உட்கார்ந்து கண்ணால் பார்த்துக் கோடு போடுகிறார்கள். உடனடி எச்சரிக்கைக்கு 2004இலிருந்து வேறொரு திட்டம் தனியாக ஓடுகிறது. வேகமாகக் கத்துவதற்கு ஒன்று, பரப்பளவு சொல்வதற்கு ஒன்று.

நீங்கள் செய்யும்போது, மாறியது, மாறாதது என்று வரைபடம் சொல்லும் இரண்டு பகுதியிலிருந்தும் நூறு நூறு புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, கூகுள் எர்த்தில் அந்தந்த வருடத்துப் பழைய தெளிவான படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு மாலை போகும், சலிப்பான வேலை. பத்தாவது புள்ளியிலேயே உங்கள் வரைபடத்தில் எங்கே ஓட்டை என்று பிடிபட ஆரம்பித்துவிடும், என்னுடையதில் முதல் ஏழும் மேகத்தின் நிழல்.