14,000 பவுண்ட் ட்ரெய்லருக்கு பழைய டீசல் பிக்கப்: எதை எடுக்கலாம், எதை விட்டுடணும்

டெக்சாஸ் சான் ஆண்டோனியோ பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பிஃப்த் வீல் ட்ரெய்லர் (பிக்கப்போட பெட்லயே மாட்டி இழுக்குற வகை) வாங்கியாச்சு, அதோட ஜி.வி.டபிள்யூ.ஆர்., அதாவது சாமான் சட்டியோட சேத்து கம்பெனி அனுமதிக்கிற உச்ச எடை, 14,000 பவுண்ட். வீட்டுல நாலு பேரு, லீவுக்கு கொலராடோ வரைக்கும் போகணும், வண்டிக்கு 30,000 டாலர் வெச்சிருக்காரு. ரெண்டு வண்டி கண்ணுல பட்டிருக்கு: 2008 ஃபோர்டு எஃப்-250, 6.4 லிட்டர். இன்னொண்ணு 2014 செவ்ரோலே சில்வராடோ 2500, டியூராமேக்ஸ் டீசல் இன்ஜின், புகையைச் சுத்தம் பண்ற எமிஷன் சாமான் எல்லாம் கழட்டின "டெலீட்" வண்டி. எதை எடுக்கலாம் அண்ணேன்னு கேள்வி.

ரெண்டையும் எடுக்காதீங்க தம்பி. இன்ஜின் கதை அப்புறம், முதல்ல எடைக் கணக்கு. உங்க ட்ரெய்லரை இழுக்குறதுக்கு இந்த ரெண்டு வண்டிக்குமே தெம்பு இருக்கு, விக்கிறவனும் அதைத்தான் சொல்லுவான், வீட்டையே இழுக்கும்பான். மாட்டிக்கிறது இழுக்குறதுல இல்ல, தூக்குறதுல. பிஃப்த் வீல் ட்ரெய்லர் தன்னோட எடைல 15ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் பிக்கப்போட பெட்ல இறக்கும், அதுக்குப் பேரு பின் வெயிட். 20 சதவீதம்னு வெச்சாலே 2,800 பவுண்ட், ஹிட்ச் ஒரு 150, நாலு பேரு 600, கூலர் டூல் பாக்ஸ் அது இதுன்னு ஒரு 200, மொத்தம் 3,750 பவுண்ட் வண்டி முதுகுல. டீசல் எஃப்-250ல பெரும்பாலும் ஜி.வி.டபிள்யூ.ஆர். 10,000 பவுண்ட்தான், டீசல் இன்ஜின் எடையே பெட்ரோல் இன்ஜினை விட நல்லா அதிகம், அதனால பேலோடுன்னு, அதாவது ஆளும் சாமானுமா ஏத்தக்கூடிய எடைன்னு, மிஞ்சுறது 2,000லேருந்து 2,500 பவுண்டு பக்கம். சில்வராடோ 2500லயும் கிட்டத்தட்ட இதே கதைதான். சிலர் ஏர் பேக் போட்டா சரியாயிடும்பாங்க, வண்டி பின்னாடி படுக்காம நிமிர்ந்து நிக்கும் அவ்ளோதான், ஆக்சில், டயர், பிரேக் தாங்குற அளவு ஒரு பவுண்ட் கூட ஏறாது.

டிரைவர் கதவு தூண்ல மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேத்து எத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கும், அதுதான் அந்த குறிப்பிட்ட வண்டியோட பேலோடு, பிரோஷர்ல இருக்குற நம்பர் இல்ல. 10,000 பவுண்டுக்கு மேல ஜி.வி.டபிள்யூ.ஆர். இருக்குற வண்டிகள்ல அந்த ஸ்டிக்கர் கட்டாயம் இல்ல, அப்போ ஜி.வி.டபிள்யூ.ஆர்.ல இருந்து வண்டியோட நிஜ எடையைக் கழிச்சு நீங்களே கணக்கு போட்டுக்கணும், பின் ஆக்சில் ரேட்டிங்கையும் சேத்துப் பாருங்க.

ஆக உங்களுக்கு வேணும்கிறது ஒரு டன் வண்டி, அதாவது 3500 இல்லைன்னா எஃப்-350. இதுல பின்னாடி ஒத்தை டயரா, நாலு டயர் வர்ற டூவலியான்னு ஒரு கேள்வி, அதுல லைசென்ஸும் மாட்டிக்கிது. டெக்சாஸ்ல வண்டியும் ட்ரெய்லரும் சேந்து ரேட்டிங் 26,001 பவுண்டைத் தொட்டு, ட்ரெய்லர் மட்டுமே 10,000க்கு மேல இருந்தா, சொந்த உபயோகத்துக்குன்னாலும் நான்-கமர்ஷியல் கிளாஸ் ஏ லைசென்ஸ் வேணும். டூவலி பல மாடல் 14,000, உங்க ட்ரெய்லர் 14,000, கூட்டினா 28,000, டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்டணும். ஒத்தை டயர் 3500 ஒண்ணு 11,500ல கிடைச்சா கூட்டி 25,500, சாதா லைசென்ஸ் போதும், ஆனா பேலோடு இழுத்துப் பிடிச்சுத்தான் நிக்கும். என்னைக் கேட்டா லைசென்ஸ் எடுத்துட்டு டூவலி வாங்குங்க, ஹைவேல சைடு காத்து அடிக்கும்போதும் பின் டயர் ஒண்ணு வெடிச்சாலும் அதோட அருமை புரியும். பார்க்கிங்லயும் டிரைவ்-த்ரூலயும் வீட்டுக்காரம்மா திட்டுவாங்க, அது வேற விஷயம்.

இப்போ நீங்க பாத்த ரெண்டு வண்டிக்கு வர்றேன். ஃபோர்டு 6.4 மூணே வருஷம்தான் வந்துச்சு, 2008லேருந்து 2010 வரைக்கும். டி.பி.எஃப்., அதாவது புகைல இருக்குற கரியைப் பிடிக்கிற ஃபில்டர், தன்னைச் சுத்தம் பண்ணும்போது சிலிண்டர்லயே டீசலை அதிகமா அடிக்கும், அது வழிஞ்சு ஆயில்ல கலந்து ஆயிலை தண்ணியாக்கும், ரேடியேட்டர் ஒழுகும், பிஸ்டன் விரிசல் விடும், பெரிய வேலைன்னா கேபினையே தூக்கணும். அதுக்கு முந்தின 6.0 லிட்டரும் (2003-2007) இ.ஜி.ஆர். (புகைல கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுறது) கூலர், ஆயில் கூலர், ஹெட் கேஸ்கட்னு பேர் கெட்டது. இந்த ரெண்டும் சல்லிசா கிடைக்கும், அதுக்கு இதான் காரணம்.

டெலீட் வண்டி விஷயத்துல விக்கிறவன் டெக்சாஸ்ல டீசலுக்கு எமிஷன் டெஸ்டே கிடையாதேம்பான், டெஸ்ட் இல்லங்கறது நிஜம், ஆனா எமிஷன் சாமானைக் கழட்டுறது க்ளீன் ஏர் ஆக்ட்படி ஃபெடரல் குத்தம், நாளைக்கு கலிஃபோர்னியாக்காரனுக்கு விக்க முடியாது, பல டீலர்ங்க கையே வைக்க மாட்டாங்க, திரும்ப மாட்டணும்னா பல ஆயிரம் டாலர். அதோட டெலீட் பண்ணவன் ட்யூனும் (கூடுதல் பவருக்கு இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்துறது) ஏத்தியிருப்பான், கியர்பாக்ஸை எப்படி வதைச்சான்னு யாருக்குத் தெரியும். 2011-2016 டியூராமேக்ஸ்ல இன்னொரு வில்லங்கம் பாஷ் சி.பி.4 பம்ப், இன்ஜெக்டருக்கு உயர் அழுத்தத்துல டீசலைத் தள்றது. டேங்க்லேருந்து டீசலைத் தள்ளிக் கொடுக்க லிஃப்ட் பம்பும் கம்பெனி வைக்கல. சி.பி.4 உள்ள தேய்ஞ்சு உடைஞ்சா இரும்புத் தூள் ரெயில், இன்ஜெக்டர்னு எல்லாத்துலயும் போயிடும், மொத்தத்தையும் மாத்த பத்தாயிரம் டாலர் பக்கம் வந்துடும்.

என் லிஸ்ட்ல முதல்ல 2013-2018 ராம் 3500, 6.7 கம்மின்ஸ். இதுல பழைய சி.பி.3 பம்ப், அது சாமானியத்துல சாகாது. எக்ஸாஸ்ட் பிரேக்கும் (புகை வழியை அடைச்சு இன்ஜினாலயே வேகத்தைக் குறைக்கிறது) உண்டு, ராட்டன் பாஸ் தாண்டி 11,000 அடிக்கு மேல இருக்குற ஐசனோவர் டனல் வரைக்கும் போய் இறங்குறவருக்கு குதிரைத் திறனை விட இதுதான் முக்கியம். ஐசின் கியர்பாக்ஸ் இருக்குற வண்டியா தேடுங்க, சாதாரணமா வர்ற 68ஆர்.எஃப்.இ. ட்யூன் ஏத்தாத வண்டில ஓகே, ட்யூன் ஏத்தினா நோஞ்சான். இந்த இன்ஜின்ல ஒரு குறை கிரிட் ஹீட்டர் (உள்ள போற காத்தைச் சூடாக்குறது) போல்ட், சூட்டுல கருகி உடைஞ்சு சிலிண்டருக்குள்ள விழுந்தா இன்ஜின் காலி, வாங்கின கையோட செக் பண்ணி மாத்துற கிட் போட்டுடுங்க. 2019, 2020 ராம்ல சி.பி.4 வெச்சு, அப்புறம் ரீகால் பண்ணி, 2021ல திரும்ப சி.பி.3க்கே போயிட்டாங்க, அந்த ரெண்டு வருஷ வண்டின்னா ரீகால் வேலை முடிஞ்சுதான்னு பேப்பர் கேளுங்க.

ரெண்டாவது 2015-16 எஃப்-350, 6.7. டர்போவை பெருசாக்கின வருஷங்கள், கியர்பாக்ஸ் கெட்டி, ஆனா சி.பி.4தான், அதனால ஃபில்டர் மாத்தின ரெகார்டு இல்லாத வண்டியைத் தொடாதீங்க. 2006-07 டியூராமேக்ஸ் எல்.பி.இசட். மேல பலருக்குப் பைத்தியம், டி.பி.எஃப். இல்ல, இன்ஜின் நிஜமாவே நல்லது, ஆனா எக்ஸாஸ்ட் பிரேக் கிடையாது, வண்டிக்கும் கிட்டத்தட்ட இருபது வயசு, குடும்பத்தோட மலை ஏற நான் அதை சொல்ல மாட்டேன்.

வண்டி பாக்கப் போறப்போ முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போங்க, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஏதோ மறைக்கிறான்னு அர்த்தம். ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்து தலைகீழா அதே ஓட்டை மேல வையுங்க, லேசா ஆடினா பரவாயில்ல, துள்ளி விழுந்தா ரிங் போயிருக்கலாம். டேஷ்ல இன்ஜின் ஹவர்ஸ் பாருங்க, 1,20,000 மைலுக்கு 3,000 மணி நேரம்னா சராசரி 40 மைல் வேகம், நல்லா ஹைவே ஓடின வண்டி. அதே மைலுக்கு 6,000 மணி நேரம்னா பாதி வாழ்க்கை ஐடில்ல நின்ன வண்டி, டி.பி.எஃப்.பும் இ.ஜி.ஆர்.ரும் கரியா இருக்கும். மிச்சிகன், ஒஹையோ பக்கத்து வண்டின்னா கீழ படுத்து ஃப்ரேம் துரு பாருங்க, உப்பு தின்னிருக்கும். ஹூஸ்டன் பக்கம்னா 2017 ஹார்வி வெள்ளத்துல முங்கினதான்னு டைட்டில் ஹிஸ்டரில பாருங்க. பெட்ல பிஃப்த் வீல் ரெயில் ஏற்கனவே இருந்தா அவனும் கனமா இழுத்திருக்கான், தப்பில்ல, ஆனா கியர் ஆயில் நிறமும் கருகின வாசனையும் பாக்காம விடாதீங்க. இதெல்லாம் பாத்துட்டும் ஒரு டீசல் மெக்கானிக் கிட்ட ஸ்கேனர் போட்டு இன்ஜெக்டர் பேலன்ஸ் பாக்கச் சொல்லுங்க, அந்தக் காசுல கஞ்சம் பண்ணாதீங்க.

30,000த்தையும் வண்டிலயே போட்டுடாம ஒரு நாலாயிரம் ஒதுக்கி வையுங்க: எல்லா ஃபில்டர், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், லோட் ரேஞ்ச் ஈ டயர் (டூவலின்னா ஆறு). கொலராடோ கிளம்புறதுக்கு முன்னாடி பயணத்துக்கு ஏத்துற மாதிரியே எல்லாத்தையும் ஏத்திட்டு, தண்ணி டேங்கும் ரொப்பிட்டு, ஏன்னா 60 காலன் தண்ணியே 500 பவுண்ட், ட்ரக் ஸ்டாப்ல இருக்குற கேட் ஸ்கேல்ல நிறுத்தி எடை போடுங்க, ஆக்சில் ஆக்சிலா தனித்தனியா சீட்டு குடுப்பான். ட்ரெய்லரைக் கழட்டிட்டு இன்னொரு தடவை போட்டா நிஜ பின் வெயிட் எவ்வளவுன்னு தெரிஞ்சுடும், 20 சதவீதத்துக்கு மேல வந்தா முன்னாடி ஸ்டோரேஜ்ல இருக்குற கனமான சாமானை பின்னாடி தள்ளுங்க, ஆனா 15க்குக் கீழ இறங்க விடாதீங்க.