கப்பலேறிப் போனவர்களின் சொந்தத்தைத் தேடி: கேள்வி பதில்

ஒப்பந்தக் கூலிகளாகவும், தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணிகள் வழியாகவும் கடல் கடந்து போன தமிழ்க் குடும்பங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

டர்பன்: கொள்ளுத்தாத்தா மதராசிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். குடும்பப் பெயர் கவெண்டர். அதைப் போட்டுத் தேடினால் கணக்கில்லாமல் வருகிறது. எங்கே தொடங்குவது ஐயா?

கவெண்டரை ஓரமாக வையுங்கள். கவுண்டர் என்ற பட்டம்தான் அங்கே குடும்பப் பெயராகிவிட்டது. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேருக்கு அது இருக்கும். உங்களுக்கு வேண்டியது அவருடைய எண். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் டர்பனில் கரைசேர்ந்தது முதல் 1911-இல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கும்.

எண்ணை எங்கே பிடிப்பது? பழைய கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, இறந்தபின் சொத்துக்காகத் திறந்த கோப்பு, இவற்றில் பாருங்கள். வீட்டுப் பெட்டியில் ஒப்பந்தம் முடிந்த காகிதம் இருந்தால் இன்னும் நல்லது. பதிவேட்டில் அந்த வரியைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். மேலேயும் கீழேயும் ஒரு பக்கமாவது படியுங்கள். தம்பி, மச்சான், ஊர்க்காரர் எல்லாம் அடுத்தடுத்த எண்களில் இருப்பது வழக்கம். உங்கள் தாத்தா பேருக்கு நேரே கிராமம் சரியாக விளங்காவிட்டாலும் பக்கத்து வரியில் தெளிவாக இருக்கலாம்.

பீனிக்ஸ்: பதிவேட்டில் வயதும் தகப்பன் பெயரும் வீட்டில் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. வேறு ஆளா?

அவசரப்படாதீர்கள். வயது பெரும்பாலும் குத்துமதிப்புதான். வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பியவர்கள் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னதும் உண்டு. தழும்பு, தோட்ட முதலாளி பெயர், கூட வந்தவர்கள், இவை மூன்றும் பொருந்தினால் அதே ஆள்தான் என்று எடுத்துக்கொள்வேன்.

ஜோகன்னஸ்பர்க்: ஜில்லா வட ஆற்காடு என்று இருக்கிறது. கிராமத்தின் பெயரை எந்த வரைபடத்திலும் காணோம்.

அந்த வட ஆற்காடு இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு, 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவானபோது சில தாலுகாக்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆகவே உங்கள் ஊர் இப்போது ஆந்திராவில் இருக்கலாம். முதலில் தாலுகாவை உறுதிசெய்யுங்கள், அப்புறம் கிராமம். ஆங்கில எழுத்தை அப்படியே நம்பாமல் வாய்விட்டுப் படித்து, அந்தத் தாலுகாவின் ஊர்ப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். புதூர், நல்லூர் மாதிரிப் பெயராக இருந்தால் தாலுகா இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

ஊர் கிடைத்தபின் பட்டா, சிட்டா என்று ஓடாதீர்கள். கூலியாகப் போனவர்களில் பலருக்கு நிலமே இருந்ததில்லை. ஊர்க் கோயிலுக்குப் போய், யார் யார் வரி கொடுக்கிறார்கள், எந்த வகையறா வெளிநாடு போனது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அலுவலகக் காகிதத்தைவிட இது பலமுறை கைகொடுத்திருக்கிறது. குலதெய்வத்தின் பெயர் தெரிந்தால் தேட வேண்டிய வட்டம் இன்னும் சுருங்கும்.

மதுரை: பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுவாரியாகப் பெயர்களைப் பார்க்க முடியுமா?

முடியாது. இந்தியாவில் தொகுத்த எண்ணிக்கைகள்தான் வெளியாகின்றன, தனிநபர் விவரம் கிடைக்காது.

ஈப்போ: தாத்தா 1930-களில் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். நேட்டால் மாதிரி மலாயாவுக்குப் பதிவேடு உண்டா?

அந்த அளவு விவரத்தோடு எதிர்பார்க்காதீர்கள். மலாயாவில் ஒப்பந்த முறையைக் கங்காணி முறை ஓரங்கட்டிவிட்டது. 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை ஆள் போனது பெரும்பாலும் அந்த வழியில்தான். ஆனால் அதிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. கங்காணி தன் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்களைத்தான் கூட்டிவந்தார். அதே தோட்டத்தில் இருந்த மற்றக் குடும்பங்களின் பூர்வீகத்தைக் கேட்டால் உங்கள் ஊர் அதற்கு நாலைந்து மைலுக்குள் இருக்க நிறைய வாய்ப்பு. தாத்தா ஊருக்குப் பணம் அனுப்பியிருந்தால் மணியார்டர் ரசீதும் கடித உறையின் தபால் முத்திரையும் பொன்.

ஹட்டன்: பெரியம்மா குடும்பம் 1970-களில் இந்தியா போனது. பிறகு தொடர்பே இல்லை.

1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேரை இலங்கை ஏற்க வேண்டும் என்று முடிவானது. கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு நாட்டுக்கு விண்ணப்பித்ததால் உங்களைப் போலப் பிரிந்த குடும்பங்கள் ஏராளம். போனவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் பிரிந்தார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு நிறையப் பேர் போனார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய் பெரியம்மாவின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கங்காணி யார் என்று சொல்லுங்கள். அங்கே இன்னமும் ஒருவரை ஒருவர் பழைய தோட்டத்தின் பெயரால் அடையாளம் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

சிங்கப்பூர்: மரபணுச் சோதனையில் ஒருவரோடு 200 சென்டிமார்கன் (பொதுவான மரபணுத் துண்டுகளை அளக்கும் அலகு) பொருந்துகிறது. அட்டவணைப்படி இரண்டாம் நிலை ஒன்றுவிட்ட உறவு. நம்பலாமா?

அந்த அட்டவணை சொந்தத்துக்குள் திருமணம் செய்யாத குடும்பங்களுக்கானது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட குடும்பத்தில் தூரத்து உறவுகூட நெருங்கியதாகத் தெரியும். மொத்த அளவை மட்டும் பார்க்காமல், நீளமான தனித்துண்டு ஏதும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளாகச் சேர்ந்துதான் 200 வருகிறதென்றால் உறவு இன்னும் சில தலைமுறை தள்ளி இருக்கக்கூடும். பெரியம்மா, அத்தை என்று முந்தைய தலைமுறையில் யாராவது இருந்தால் அவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மொரிசியஸ்: மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணங்களிலிருந்து ஊரைக் கண்டுபிடித்து, பங்காளி வீட்டுக்குக் கடிதமும் போட்டேன். பதிலே இல்லை.

அவர்கள் இடத்திலிருந்து யோசியுங்கள். நூறு வருஷத்துக்கு முன் போனவரின் வாரிசு என்று திடீரென்று ஒரு கடிதம் வந்தால், "பங்கு கேட்க வந்துவிட்டான்" என்றுதான் முதலில் தோன்றும். அடுத்த கடிதத்தில் சொத்தில் எந்த உரிமையும் கேட்கவில்லை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அவர்களைப் பற்றிக் கேள்வி கேட்கும் முன் உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள், படம் வையுங்கள். மொரிசியஸ் பதிவுகளில் பலருடைய புகைப்படமே இருக்கிறது. உங்கள் தாத்தாவுடையது கிடைத்தால் அதன் நகலை அனுப்புங்கள், முகச்சாடை பேசும். ஊரில் இருவீட்டாருக்கும் பொதுவான ஒரு பெரியவர் மூலம் கடிதத்தைக் கொடுப்பது உத்தமம். அதற்கும் பதில் வராவிட்டால் மூன்றாவது கடிதம் வேண்டாம். உங்கள் முகவரியைக் கோயில் பூசாரியிடம் கொடுத்துவைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.