அட்டை இருக்கிறது, பில் எங்கே?

கேள்வி: ஐயா, நாங்கள் தண்டையார்பேட்டை. தம்பி ஹார்பரில் லோடு வேலை செய்கிறான். இரண்டு வருடம் முன்பு மூட்டை சரிந்து முதுகில் அடி, எலும்பு டாக்டர் டிரமடால் எழுதிக் கொடுத்தார், வலி வரும்போதெல்லாம் அதைத்தான் சாப்பிடுகிறான். போன வாரம் ராத்திரி காசிமேடு பக்கம் வண்டிச் சோதனையில் நிறுத்தி, பைக் சீட்டுக்கு அடியில் இருந்த 6 அட்டை மாத்திரையை எடுத்துக்கொண்டு, போதை மாத்திரை கேஸ் போட்டுவிட்டார்கள். இப்போது புழலில் இருக்கிறான். ஸ்டேஷன் வாசலிலேயே ஒருவர் வந்து, 75 ஆயிரம் கொடுங்கம்மா, பத்து நாளில் பெயில் கேரண்டி, நம்ம வக்கீல்தான் என்கிறார். நகையை வைத்துக் கொடுக்கலாமா? டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கு எப்படி கேஸ் போட முடியும்?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும் அக்கா. பெயில் கொடுப்பது நீதிபதி, அதற்கு யாரும் கேரண்டி தர முடியாது. கேஸ் பிடிக்க ஆள் அனுப்புவதும், ஜெயித்தால் இவ்வளவு என்று பீஸ் பேசுவதும் வக்கீலுக்கு பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. வாசலில் நிற்கிறவர் வக்கீல் இல்லை, கமிஷன்காரர். உங்கள் 75 ஆயிரத்தில் எவ்வளவு வக்கீலிடம் போய்ச் சேரும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கேஸ் போட முடியும். 2018 ஏப்ரலில் டிரமடாலை போதைப்பொருள் சட்டத்தின் (1985-ல் வந்த என்.டி.பி.எஸ். சட்டம்தான்) மனமயக்கப் பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அட்டையின் மேல் இடது மூலையில் சிவப்பு எழுத்தில் என்.ஆர்.எக்ஸ். என்று இருக்கும், பாருங்கள். அது இருந்தால் இந்தச் சட்டத்துக்குள் வருகிற மருந்து என்று அர்த்தம். ஆனால் அதே சட்டத்தின் 8-வது பிரிவு மருத்துவப் பயன்பாட்டுக்கு விலக்கும் தருகிறது, 66-வது விதி இன்னும் தெளிவாக, ஒருவர் தன் சொந்த வைத்தியத்துக்காக ஒரு நேரத்தில் 100 டோஸ் வரை வைத்திருக்கலாம், நீண்ட நாள் வைத்தியம் என்று டாக்டர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை வைத்திருக்கலாம் என்கிறது. 6 அட்டை, அட்டைக்கு 10 என்றால் 60 மாத்திரை. எண்ணிக்கையில் தம்பி எல்லைக்குள்தான் இருக்கிறான். சொந்த வைத்தியத்துக்குத்தான் என்று காட்டுவதுதான் மொத்த வேலையும், அதைக் காட்டும் பொறுப்பில் பெரும்பகுதி அவன் தலையில் விழும், ஏனென்றால் பொருள் கையில் இருந்தது நிரூபணமானால் இந்தச் சட்டம் போலீஸ் பக்கம்தான் அனுமானம் எடுக்கும்.

அதற்கு முன் எடைக் கணக்கு ஒன்று இருக்கிறது, இதைப் புரிந்துகொள்ளாமல் வக்கீல் ஆபீஸ் படி ஏறாதீர்கள். டிரமடாலுக்கு 5 கிராம் வரை சிறிய அளவு, 250 கிராம் வணிக அளவு. 50 மில்லிகிராம் மாத்திரை 60 என்றால் மருந்து மட்டும் 3 கிராம், சிறிய அளவுதானே என்று தோன்றும். அப்படிக் கணக்குப் போட மாட்டார்கள். ஹீரா சிங் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், கலந்திருக்கும் மாவுப் பொருளையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரு மாத்திரை 200 மில்லிகிராம் எடை என்று வைத்துக்கொண்டால் 60 மாத்திரை 12 கிராம். சிறிய அளவுக்கு ஒரு வருடம் வரைதான் தண்டனை, அதைத் தாண்டி வணிக அளவுக்குக் கீழே இருந்தால் 10 வருடம் வரை போகலாம். முதுகுவலிக்காரன் ஒருவன் பாக்கெட்டில் சுண்ணாம்புத் தூளுக்கும் சேர்த்து எடை போடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை, ஆனால் சட்டம் இன்று அதுதான். ஒரே ஆறுதல், பெயிலை இறுக்கிப் பிடிக்கிற 37-வது பிரிவு வணிக அளவுக்குத்தான், உங்கள் தம்பிக்கு இல்லை. சாதாரண பெயில் மனுதான். வாசல்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டாரே?

சரி, என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும். டாக்டர் சீட்டு, அடிபட்ட அன்றைய ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன், ஹார்பரில் லீவு போட்ட கடிதம், இதெல்லாம் இருக்கும். மெடிக்கல் பில்? பெரும்பாலும் இருக்காது. நம் ஊரில் யார் பில் வாங்குகிறோம், அண்ணே நாலு அட்டை என்றால் பழைய பேப்பர் கவரில் போட்டு நீட்டுவார், ஜிபேயில் தட்டிவிட்டு வந்துவிடுவோம். அந்த ஜிபே கணக்கை எடுங்கள், தேதியும் தொகையும் கடைப் பேரும் இருக்கும். அப்புறம் கடையின் ஹெச்1 பதிவேடு. டிரமடால், அல்பிரசோலம், டயஸிபாம் மாதிரி மருந்துகளை விற்கும்போது நோயாளி பேர், விலாசம், எழுதிய டாக்டர், எவ்வளவு கொடுத்தது என்று தனி நோட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 மார்ச்சிலிருந்து சட்டம். தம்பி பேர் அதில் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது, வக்கீல் கோர்ட் மூலமாக வரவழைக்கலாம். சிக்கல் என்னவென்றால், கடைக்காரர் சீட்டு பார்க்காமல் கொடுத்து நோட்டிலும் ஏற்றாமல் விட்டிருந்தால், இந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை சார் என்றுதான் சொல்வார், அவர் லைசென்ஸ் அவருக்கு முக்கியம். பில் கேட்காமல் வாங்கும்போது நாம் விடுவது நம் சாட்சியைத்தான்.

பில் கிடைத்துவிட்டால் அதில் பேட்ச் நம்பர் இருக்கும். மகஜரில் (கைப்பற்றியதை எழுதி போலீஸ் தயாரிக்கும் பத்திரம்) மாத்திரை அட்டையின் பேட்ச் நம்பர் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், கடையில் வாங்கிய அதே அட்டைதான் பைக் சீட்டுக்கு அடியில் இருந்தது என்று நேராக நிற்கும். (எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மெடிக்கலில் என் அம்மாவுக்கு மாத்திரை வாங்கினால், கத்தரியால் சரியாக பேரும் தேதியும் இருக்கிற பக்கத்தை வெட்டி அவர் வைத்துக்கொண்டு மொட்டைப் பாதியை எனக்குக் கொடுப்பார். மூன்று முறை சண்டை போட்டேன், நாலாவது முறை கடையை மாற்றிவிட்டேன்.)

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சீட்டு தொலைந்துவிட்டது என்று டாக்டரிடம் பழைய தேதி போட்டு ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், ஸ்டேஷன் வாசலில் இந்த யோசனை ரொம்ப மலிவு. வேண்டாம். டாக்டரின் பழைய ரெகார்டிலிருந்து, இந்த நோயாளிக்கு இந்தத் தேதியில் இது எழுதினேன் என்று இன்றைய தேதியில் ஒரு சான்று வாங்குங்கள், அது நிற்கும். பொய்ச் சீட்டு கண்டுபிடிக்கப்பட்டால் உண்மையான முதுகுவலியும் பொய்யாகிவிடும்.

போலீஸ் பக்கத்து நடைமுறையிலும் வக்கீல் பார்க்க நிறைய இருக்கிறது. உடம்பைச் சோதிப்பதென்றால், கெசட்டட் ஆபீசர் அல்லது மாஜிஸ்ட்ரேட் முன்னால் சோதனை கேட்கும் உரிமை உனக்கு இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும், 50-வது பிரிவு. ஆனால் இவன் மாத்திரை பைக் சீட்டுக்கு அடியில் இருந்தது, பையில் இருப்பதற்கும் வண்டியில் இருப்பதற்கும் அந்த உரிமை பொருந்தாது என்று 2005-லேயே தீர்ப்பு இருக்கிறது, அதை நம்பி மட்டும் உட்கார வேண்டாம். 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டப்படி சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும், அந்த வீடியோவைக் கேளுங்கள். மாதிரி எடுப்பது மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் நடக்க வேண்டும், 52-ஏ. தம்பி ஸ்டேஷனில் நான்தான் விற்றேன் என்று எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம், போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. போதைத் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்ததும் செல்லாது என்று தூபான் சிங் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்குப் போன் போடுங்கள், இலவச சட்ட உதவி. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது, உங்களுக்குப் பெண் என்ற முறையிலும் தனியாக உரிமை உண்டு. ஃப்ரீ வக்கீல் என்றால் ஒழுங்காக வாதாட மாட்டார் என்று நம்மிடம் ஒரு நினைப்பு இருக்கிறது, 75 ஆயிரம் வாங்கிக்கொண்டு ஜூனியரை அனுப்புகிறவரை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, தம்பியிடம் தனியாகக் கேளுங்கள், வலி போன பிறகும் அது இல்லாமல் இருக்க முடியவில்லையா என்று. அப்படி என்றால் வக்கீலிடம் மறைக்க வேண்டாம். அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் சிறிய அளவு வழக்கில் 64-ஏ பிரிவு விலக்குத் தருகிறது. எடை 5 கிராமைத் தாண்டினால் அது கிடைக்காது, ஆனாலும் சிகிச்சைதானே முக்கியம், 14446 எண்ணில் இலவசமாக வழி சொல்வார்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் இருந்து எழுதுகிறேன் சார். மச்சானின் மாத்திரைக் கேசுக்கு ஒரு வக்கீல் 40 ஆயிரம் வாங்கினார். மூன்று வாய்தாவுக்கு வரவே இல்லை. இப்போது கேஸ் கட்டைத் திருப்பிக் கேட்டால் மீதி 20 ஆயிரம் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள் என்கிறார். நுகர்வோர் கோர்ட்டில் போடலாமா?

பதில்: போட முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நுகர்வோர் விஷயம் எழுதுகிறவனாக எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் நீங்கள் நிராதரவு இல்லை. பீஸ் பாக்கிக்காக கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன விஷயம் இது. பாக்கி உண்மையாகவே இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கட்டும். ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், கட்டும் வக்காலத்து மாற்ற நோ அப்ஜெக்ஷனும் வேண்டும் என்று. பதில் இல்லையென்றால் ஹைகோர்ட் வளாகத்திலேயே பார் கவுன்சில் இருக்கிறது, 1961 வக்கீல் சட்டத்தின் 35-வது பிரிவில் புகார் கொடுக்கலாம். கொடுத்த 40 ஆயிரத்துக்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்று நினைக்கிறேன். அடுத்த வக்கீலிடம் பெயிலுக்கு இவ்வளவு, குற்றப்பத்திரிகை வந்த பிறகு இவ்வளவு, விசாரணைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பேசி, பேங்கில் போடுங்கள். முதல் சந்திப்பில் பீஸ் பேசும் முன்னால் மகஜர் நகலைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள், நான் வக்கீலை எடை போடுவது அதை வைத்துத்தான்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, ராத்திரி தூக்கத்துக்கு அல்பிரசோலம். ஆறு மாதமாக அதே சீட்டைக் காட்டி ராயபுரத்தில் வாங்கினேன். இப்போது புதுப் பையன் ஒருவன் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு புதுச் சீட்டு வேண்டும் என்கிறான். இது அராஜகம் இல்லையா? பக்கத்து வீட்டு அக்கா தன்னிடம் இருக்கிறதில் பத்து மாத்திரை தருகிறேன் என்கிறார்.

பதில்: அந்தப் பையன்தான் சரி. டாக்டர் இத்தனை முறை கொடுக்கலாம் என்று எழுதாத சீட்டுக்கு ஒரு முறைதான் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் கடைப் பேரையும் தேதியையும் அந்தச் சீட்டிலேயே டாக்டர் கையெழுத்துக்கு மேலே எழுத வேண்டும். ஆறு மாதம் கேட்காமல் கொடுத்தவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, மாதம் ஒரு முறை என்று மூன்று மாதத்துக்கு எழுதிக் கேளுங்கள், நிறைய டாக்டர்கள் எழுதுவார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்க வேண்டாம். அவர் நல்ல மனசோடுதான் தருகிறார், ஆனால் அவர் பேரில் இருக்கிற மாத்திரை உங்கள் பையில் இருந்தால் உங்கள் சீட்டும் அவர் சீட்டும் இரண்டுமே உதவாது. இன்னொன்று, இந்த மாத்திரையை வயதானவர்கள் திடீரென்று நிறுத்தினால் படபடப்பு வரும், அதனால் இன்று மாலையே டாக்டரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: எண்ணூர். துபாயில் வெல்டிங் வேலை, அடுத்த மாதம் கிளம்புகிறேன். முழங்கால் வலிக்கு டிரமடால் கொண்டு போகலாமா?

பதில்: இங்கே சீட்டு இருக்கிறது என்பது அங்கே போதாது. அமீரகத்தில் இந்த மாதிரி மருந்துக்குப் பயணத்துக்கு முன்பே அவர்கள் அரசிடம் ஆன்லைனில் அனுமதி வாங்க வேண்டும். அது இல்லாமல் ஒரு அட்டைகூடப் பெட்டியில் வைக்காதீர்கள். அதைவிட, உங்கள் டாக்டரிடம் போய் இந்தப் பட்டியலில் வராத வேறு வலி மாத்திரைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள், முழங்காலுக்கு வேறு மருந்தே இல்லாமல் இல்லை.