தூண்டில் பெட்டி: ரப்பர் புழுவை நாமே வார்ப்போம்

சென்ற இதழில் ரப்பர் புழுவை, அதாவது மீனை ஏமாற்றும் மென்மையான பிளாஸ்டிக் போலி இரையை, கொக்கியில் கோர்க்கும் விதம் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் கேட்டன: இவற்றை நாமே செய்துகொள்ள முடியுமா? முடியும். பதினோரு வருடமாக நானே வார்த்த புழுக்களைக் கொண்டுதான் மீன் பிடிக்கிறேன். இந்தமுறை பக்கம் முழுவதும் அதற்கே. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே என் பதில்.

ஐயா, மென்மையான பிளாஸ்டிக் லூர் (போலி இரை) செய்ய ரொம்ப நாளாக ஆசை. ஆனால் அலுமினிய அச்சு, உருகிய பிளாஸ்டிக்கை அதற்குள் தள்ளும் இஞ்செக்டர், பத்து வண்ணக் குப்பிகள் என்று ஒவ்வொருவர் வைத்திருப்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் தூண்டில் பெட்டியிலிருந்தே தொடங்குங்கள். வால் அறுந்த புழு, தலை கிழிந்த புழு எல்லாம் மூலையில் கிடக்கும் இல்லையா? அவைதான் உங்கள் முதல் மூலப்பொருள். நிறம் பார்த்துப் பிரித்து, கொக்கி, ஈயத் துண்டு ஏதும் உள்ளே இல்லை என்று தடவிப் பார்த்து, கழுவி, நன்றாக உலர்த்தி வையுங்கள். ரப்பர் பட்டைபோலப் பல மடங்கு இழுபட்டும் அறுபடாத ஒரு வகை உண்டு. அது வேறு பொருள், இதனோடு கலக்காது. அதை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவற்றில் முதல் இரண்டு, தெர்மாமீட்டரும் முகக்கவசமும். அச்சு அதற்கு அப்புறம்தான். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான அச்சு கையில் இருக்கும், ஆனால் பிளாஸ்டிக் எந்தச் சூட்டில் இருக்கிறது என்று தெரியாமல் கருக்கிவிடுவார்கள். மற்றபடி சூடு தாங்கும் கண்ணாடி அளவுக் கோப்பை ஒன்று, இதற்கென்றே ஒதுக்கிய பழைய மைக்ரோவேவ், கண்ணைக் காக்கும் கண்ணாடி, தோல் கையுறை, கிளறக் குச்சி, மேற்புறம் திறந்த அச்சு ஒன்று. அவ்வளவுதான். அந்த மைக்ரோவேவும் கோப்பையும் இனி ஒருநாளும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

பழையதை உருக்கிக் கை பழகிய பிறகு புதிய பிளாஸ்டிசாலுக்கு வாருங்கள். அது பால்போல் வெண்மையான திரவம். மிக நுண்ணிய பிவிசி துகள்கள், அதை இளக்கும் ஓர் எண்ணெயில் மிதக்கின்றன. வைத்திருந்தால் துகள்கள் அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்கியதும் ஊற்றாதீர்கள். காற்றுக் குமிழிகள் மேலே வந்து உடையக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

முதல் முறைக்கு 100 மில்லி போதும். ஒரு நிமிடம் சூடேற்றிக் கிளறுங்கள். அதன்பின் அரை அரை நிமிடமாக, ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து அடிவரை கிளறி, மறுபடி வையுங்கள். முதலில் மாற்றமே தெரியாது. பிறகு திடீரென்று கெட்டியாகி, கட்டிகட்டியாகத் திரண்டு, கெட்டுப்போய்விட்டது என்று தோன்றும். இங்கேதான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். துகள்கள் எண்ணெயை உறிஞ்சி உப்புகிற கட்டம் அது. இன்னும் சூடேற ஏற வெண்மை மறைந்து, கண்ணாடிபோலத் தெளிந்து, மறுபடி நீர்த்து ஓடத் தொடங்கும். அப்போது தெர்மாமீட்டர் 175 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காட்டும். ஊற்றும் நேரம் அதுதான். 200-ஐத் தாண்டினால் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும். அதற்குத் திரும்பி வரும் வழி கிடையாது.

தள்ளி நின்று குறிபார்க்கும் வகைத் தெர்மாமீட்டர் மேற்பரப்பின் சூட்டை மட்டும்தான் காட்டும். மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒரேபோல் சூடாக்காது. மேலே 160 காட்டும்போது நடுவில் கருகிக்கொண்டிருக்கலாம். அதனால் கிளறிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

1949-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் தன் வீட்டில் வார்த்துப் பார்த்த வினைல் புழுவிலிருந்துதான் இந்தத் தொழிலே வளர்ந்தது. இவ்வளவு பெரிய விஷயம் ஒரு வீட்டில் தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வரும்.

தம்பி, நானும் ஒருமுறை பழைய புழுக்களை உருக்கிப் பார்த்தேன். புகை வந்து தொண்டை எரிந்து, இரண்டு நாள் இருமினேன். துணிக் கவசம் கட்டியிருந்தும் இப்படி. விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், ஆனால் பழைய முறையில் இன்னொரு தடவையும் செய்யாதீர்கள். பிவிசி அளவுக்கு மீறிச் சூடாகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறுகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். மூக்கும் தொண்டையும் ஈரமான இடங்கள்தானே. துணியும் தூசிக் கவசமும் துகளைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கரிம ஆவி, அமில வாயு இரண்டையும் பிடிக்கும் வடிகட்டிகள் பொருத்திய, முகத்தில் இறுக்கமாக உட்காரும் கவசம்தான் வேண்டும். கவசம் இருந்தாலும் வேலை வெளியில்தான். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி நில்லுங்கள்.

உங்களுக்குக் கருகியதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. உருக்கிய பிளாஸ்டிக்கை மறுபடி உருக்கும் ஒவ்வொரு முறையும் சூட்டைத் தாங்கும் சக்தி அதில் குறைகிறது. அதற்கென்று சூடு தாங்கும் மருந்து விற்கிறார்கள், ஸ்டெபிலைசர் என்று கேளுங்கள். பழைய புழுவை உருக்கும்போது சில சொட்டு சேர்த்தால் மஞ்சளாவது தள்ளிப்போகும். புகை கிளம்பிவிட்டால் கோப்பைக்கு மேல் குனிந்து பார்க்காதீர்கள். மைக்ரோவேவை நிறுத்தி, கதவைத் திறக்காமல் தள்ளிப் போய்விடுங்கள்.

பிவிசி குழாய்த் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன. அவற்றை உருக்கலாமா?

கூடாது. குழாயில் இளக்கும் எண்ணெய் கிடையாது. உருகி ஓடுவதற்கு முன்பே சிதையத் தொடங்கி, மேலே சொன்ன அதே வாயுவைக் கக்கும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்தேன். ஊற்றியதும் பொரிகிறதுபோல் சத்தம், புழு முழுக்க ஓட்டைகள். மூன்று நாள் உலர வைத்த அச்சுதான் அண்ணா. எங்கே தவறு?

அச்சுக்குள் தண்ணீர் இருக்கிறது. தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். 175 டிகிரியில் ஒரு பொருள் அதன்மேல் விழுந்தால் தண்ணீர் நொடியில் ஆவியாகி, பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். ஓட்டையோடு போனது உங்கள் நல்ல நேரம். என் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. கழுவிய அச்சின் வால் இடுக்கில் நின்ற ஒரே ஒரு சொட்டு செய்த வேலை அது. உருகிய பிளாஸ்டிக் தெறித்துத் தோலில் ஒட்டிக்கொண்டது. நான் பதறிப் பிய்த்தேன், தோலும் சேர்ந்து வந்தது. அப்படி நடந்தால் பிய்க்கவே கூடாது. ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, ஒட்டியிருப்பதை அப்படியே விட்டு, மருத்துவரிடம் போக வேண்டும். அதனால்தான் கோடையிலும் முழுக்கைச் சட்டையோடு நிற்கிறேன்.

சரி, அச்சுக்கு வருவோம். நாளை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள். அச்சைத் தினமும் ஒரே நேரத்தில் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டே வாருங்கள். எடை குறைந்துகொண்டிருக்கும்வரை தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று நாள் ஒரே எடையில் நின்றால் உலர்ந்துவிட்டது. தடித்த அச்சானால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதன்பின் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். ஒரு பூச்சு முழுதாகக் காய்ந்தபின்தான் அடுத்தது. இந்தப் பூச்சுதான் பிளாஸ்டரின் நுண்துளைகளை மூடி, புழுவுக்குப் பளபளப்பையும் தரும். பசைப் பூச்சிலும் தண்ணீர் இருக்கிறது என்பதால் கடைசியில் மறுபடி எடை பாருங்கள். பசைக்குப் பதில் எபாக்ஸி பூசினால் அச்சு இன்னும் அதிக நாள் உழைக்கும்.

ஆர்வம் நிலைத்துவிட்டது என்று தெரிந்தபின் சிலிகான் அச்சுக்கு மாறலாம். ஈரம் உறிஞ்சாது, வளையும், புழு சுலபமாகக் கழன்று வரும்.

புழுவின் முதுகில் பள்ளம் விழுகிறது. அச்சு நிறைய ஊற்றியும்.

ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும். நிறைய ஊற்றிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கோப்பையில் கொஞ்சம் மிச்சம் வைத்து, பள்ளம் விழத் தொடங்கும்போதே அதன்மேல் விடுங்கள். அச்சைவிட்டு எடுத்த புழுவை வளைந்தபடி போட்டால் வளைந்தபடியே நின்றுவிடும். நேராகப் படுக்க வைத்து ஆறவிடுங்கள்.

உப்பு சேர்ப்பது எதற்கு? என் மினுக்குத் தூள் ஏன் நிறம் கரைந்து சாம்பலாகிறது?

உப்பு எடைக்கு. உப்பில்லாத புழு மிக மெதுவாக இறங்கும், சில கலவையில் மிதக்கவும் செய்யும். உப்பு சேர்ந்தால் ஜிக் ஹெட் (ஈயத் தலை வைத்த கொக்கி) இல்லாமலே தூரம் போய் விழும், ஆடிக்கொண்டே இறங்கும். மீன் வாயில் வைத்திருக்கும் நேரமும் கூடுகிறது என்று தூண்டில்காரர்கள் நம்புகிறோம், என் அனுபவமும் அப்படித்தான். நைசாக அரைத்து, வறட்டு உப்பாக இருக்க வேண்டும். ஈர உப்பும் குமிழியைத்தான் தரும். சேர்க்கச் சேர்க்கப் புழு சீக்கிரம் கிழியும், தெளிவும் போய்விடும். 100 மில்லிக்கு இரண்டு தேக்கரண்டியில் தொடங்குங்கள். உப்பு அடியில் படியும், ஊற்றும் நொடிவரை கிளறுங்கள்.

மினுக்குத் தூளில் கைவினைக்கென்று விற்பது இந்தச் சூட்டைத் தாங்காது. லூருக்கென்றே வரும் பாலியெஸ்டர் தூளைக் கேட்டு வாங்குங்கள்.

செய்த புழுக்களைக் கண்ணாடிபோன்ற கடின பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கினேன். ஒரு மாதத்தில் பெட்டியின் அடி உருகி ஒட்டியிருந்தது. வெயிலில்கூட வைக்கவில்லையே?

வெயில் காரணமில்லை. புழுவை மென்மையாக வைத்திருக்கும் அதே எண்ணெய் மெல்லக் கசிந்து பெட்டியையும் இளக்கிவிட்டது. பாலித்தீன் பைகளில் நிறவாரியாகப் பிரித்துப் போடுங்கள். கறுப்பையும் வெள்ளையையும் ஒரே பையில் போட்டால் சில வாரத்தில் இரண்டும் அழுக்கு நிறமாகும். கிழிந்தவற்றை நீரில் எறிந்துவிடாதீர்கள். மட்காது, மீன் விழுங்கினால் வயிற்றிலேயே தங்கிவிடலாம். அவற்றுக்கு நான் ஒரு தனிப் பை வைத்திருக்கிறேன், அடுத்த முறை உருக்க.

அண்ணா, என் பன்னிரண்டு வயது மகள் நானும் செய்கிறேன் என்று கூடவே நிற்கிறாள். அடுப்புப் பக்கம் விடப் பயம். அவளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

இந்த வேலையிலேயே நல்ல பகுதியைக் கொடுங்கள், அச்சு எடுப்பதற்கான மாதிரிப் புழுவைச் செய்வதை. சூடேற்றுவதும் ஊற்றுவதும் உங்களோடு நிற்கட்டும். எண்ணெய்க் களிமண்ணும் ஒரு பல்குத்தும் குச்சியும் அவளுக்குப் போதும். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்படி உருட்டச் சொல்லுங்கள், திறந்த அச்சுக்கு அதுதான் வசதி. அந்தத் தட்டைப் பக்கத்தை ஒரு டப்பாவின் அடியில் அழுத்தி ஒட்டி, எண்ணெய் தடவி, அவள் கையாலேயே பிளாஸ்டர் ஊற்றலாம். கையுறை மட்டும் போட்டுவிடுங்கள், பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும்.

வாலைப் பற்றி அவளிடம் ஒன்று சொல்லுங்கள். துடுப்பு வால் ஆடுவது துடுப்பின் அளவால் மட்டும் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் கழுத்தால். கழுத்து தடித்தால் வால் குச்சிபோல் விறைத்து நிற்கும். ரொம்ப மெலிந்தால் முதல் கடியிலேயே போய்விடும். கழுத்து அளவை மட்டும் மாற்றி மூன்று மாதிரி செய்யட்டும். மூன்றையும் வார்த்து, ஒரு வாளித் தண்ணீரில் நூல் கட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். எந்தக் கழுத்து ஆடியது, எது ஆடவில்லை என்று அவள் கையெழுத்திலேயே எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.